சிறிய விமானத்தில் ஷீல்டு வயர்: எங்கெல்லாம் போட வேண்டும்?

#1 கேரேஜ்வாசி

வணக்கம். ஒன்டாரியோவில் ஆர்வி-9ஏ என்ற சிறிய உலோக விமானத்தை வீட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கிறேன். இது நான்காவது குளிர்காலம். ரிவெட் வேலை முடிந்து வயரிங்குக்கு வந்திருக்கிறேன். லைகோமிங் ஓ-320 இன்ஜின், இரண்டு மேக்னெட்டோ (இன்ஜினுக்குத் தீப்பொறி தருபவை), ஒரு விஎச்எஃப் ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் (ராடாருக்குப் பதில் அனுப்பும் கருவி), இன்டர்காம், இரண்டு திரைகள், ஆட்டோபைலட், இறக்கை முனையில் எல்இடி விளக்குகள், காற்று வேகத்தை அளக்க உதவும், சூடாக்கும் பிட்டாட் குழாய். பட்டியல் இவ்வளவுதான்.

ஹெட்செட்டில் இரைச்சல் வந்துவிடுமோ என்ற பயத்தில் 200 அடி இரட்டைக் கம்பி ஷீல்டு கேபிள் (உள்கம்பிகளைச் சுற்றி உலோகப் பின்னல் போட்டது) வாங்கிவிட்டேன். எல்லாவற்றுக்கும் அதையே போடலாம் என்பது என் திட்டம். பக்கத்து ஹேங்கர்காரர் சுருளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். ஏன் சிரித்தார் என்று சொல்லவில்லை. ஷீல்டு போட்டால் நல்லதுதானே? கூடுதலாகப் போட்டால் என்ன கெட்டுவிடும்?

#2 வால்சக்கரம்

சுருளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கடையில் கேளுங்கள்.

#3 பழையஏவியானிக்ஸ்

தம்பி, அவர் சிரித்த காரணத்தை நான் சொல்கிறேன். முப்பது வருடம் இந்த வேலை பார்த்தவன். நானும் ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் ஷீல்டு போட்டவன்தான்.

இரைச்சல் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வெவ்வேறு வழிகள் இருக்கின்றன. முதல் வழி, இருவரும் ஒரே கம்பியைப் பங்கு போட்டுக்கொள்வது. தெருவில் ஒரே குடிநீர்க் குழாயில் பத்து வீட்டு இணைப்பு இருக்கும். ஒரு வீட்டார் மோட்டார் போட்டு உறிஞ்சினால் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகும். அதேபோல லேண்டிங் விளக்கும் இன்டர்காமும் ஒரே கிரவுண்டு கம்பி வழியாகத் திரும்பினால், விளக்கின் மின்னோட்டம் அந்தக் கம்பியில் உண்டாக்கும் சிறு மின்னழுத்தம் அப்படியே இன்டர்காமுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதற்கு நீங்கள் தங்கத்தில் ஷீல்டு போட்டாலும் பயனில்லை.

இரண்டாவது, மின்புலம். ஒரு கம்பியில் மின்னழுத்தம் வேகமாக ஏறி இறங்கினால், பக்கத்தில் ஓடும் கம்பியில் அதன் நிழல் விழும். ஷீல்டு நிறுத்துவது இதைத்தான், அதுவும் நன்றாகவே நிறுத்தும்.

மூன்றாவது, காந்தப்புலம். இது மின்னோட்டத்தால் வருவது. ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி) இரைச்சல் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணில், மெல்லிய செம்புப் பின்னல் காந்தப்புலத்துக்கு ஒரு தடையே அல்ல. அங்கே வேலை செய்வது முறுக்கு. போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், ஒரு முறுக்கில் ஏறியதை அடுத்த முறுக்கு கழித்துவிடும். செலவும் இல்லை, எடையும் இல்லை.

சிறிய விமானத்தில் நான் பார்த்த இரைச்சல் புகார்களில் பெரும்பாலானவை முதல் வகை. ஆனால் எல்லோரும் வாங்கி வருவது இரண்டாவது வகைக்கான மருந்தை. அதனால்தான் அவர் சிரித்திருப்பார்.

உங்கள் விமானத்தில் ஷீல்டு வேண்டிய இடங்கள்: இரண்டு மேக்னெட்டோக்களின் பி-லீடு (மேக்னெட்டோவிலிருந்து சுவிட்சுக்குப் போகும் கம்பி), மைக் மற்றும் ஹெட்போன் கம்பிகள், கருவி தயாரிப்பாளரின் நிறுவல் கையேடு ‘ஷீல்டு போடு’ என்று படம் போட்டுக் காட்டும் இடங்கள். பழைய செனான் ஸ்ட்ரோப் (பளிச் பளிச்சென்று மின்னும் விளக்கு) வைத்திருந்தால் அதன் மின்பெட்டிக்கும் விளக்குக்கும் நடுவே ஓடும் கம்பியும் சேரும். அதில் சில நூறு வோல்ட் துடித்துத் துடித்துப் போகும். மற்றவற்றுக்கு எம்22759/16 எனப்படும், டெஃப்செல் உறை போட்ட சாதாரணக் கம்பி போதும்.

#4 கேரேஜ்வாசி

ஐயா, மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பி-லீடு வெறும் சுவிட்ச் கம்பிதானே? மேக்னெட்டோவை நிறுத்துவதற்காகக் கிரவுண்டு செய்யும் கம்பி. அதில் என்ன இரைச்சல் இருக்கப்போகிறது? இன்னொன்று, ஷீல்டை இரண்டு முனையிலும் கிரவுண்டு செய்ய வேண்டுமா, ஒரு முனையில் மட்டுமா?

#5 பழையஏவியானிக்ஸ்

சுவிட்ச் கம்பி என்பது சுவிட்ச் பக்கத்திலிருந்து பார்க்கும்போது. மேக்னெட்டோ பக்கத்திலிருந்து பாருங்கள். அந்தக் கம்பி உள்ளே இருக்கும் முதன்மைச் சுருளின் நீட்சி. அந்தச் சுருளின் சுற்றைத் திறந்து மூடும் பாயிண்டுகள் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதில் நூறு வோல்ட்டுக்கு மேல் எகிறி மணி அடித்தாற்போல் அதிர்ந்து அடங்கும். இன்ஜின் ஓடும்போது, அதாவது சுவிட்ச் திறந்திருக்கும்போது, அந்த அதிர்வு இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வாலைத் தாண்டி உங்கள் பேனல் வரைக்கும் வருகிறது. விமான விஎச்எஃப் ரேடியோ இன்னமும் ஏஎம் முறை, அதாவது அலையின் வலிமையை ஏற்றி இறக்கிப் பேச்சை அனுப்புவது. தீப்பொறி இரைச்சலை வாரி எடுத்துக்கொள்வதில் ஏஎம்முக்கு நிகர் கிடையாது.

பி-லீடு ஷீல்டின் மேக்னெட்டோ முனையை மேக்னெட்டோ உடலில் கிரவுண்டு செய்யுங்கள். சுவிட்ச் முனையில் ஷீல்டை விமானத்தின் உடலில் கட்டாதீர்கள். சுவிட்சின் கிரவுண்டு முனையில் கொடுங்கள், அந்த முனையும் உடலைத் தொடக்கூடாது. மேக்னெட்டோவை நிறுத்தும் மின்னோட்டம் நடுக்கம்பியில் வந்து ஷீல்டு வழியாகவே திரும்பும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஒருமுறை வந்த விமானத்தில் இரண்டு பி-லீடும் கருகி இருந்தன. இன்ஜினையும் உடலையும் இணைக்கும் தடித்த கிரவுண்டுப் பட்டை தளர்ந்துவிட்டது. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டம் நூறு ஆம்பியருக்கு மேல். திரும்பி வர வேறு வழி இல்லாமல், இரு முனையிலும் கிரவுண்டு செய்யப்பட்டிருந்த பி-லீடு ஷீல்டு வழியாக வந்துவிட்டது. நூல் போன்ற பின்னல் எவ்வளவு தாங்கும்?

கருகினால் நடப்பது இரண்டில் ஒன்று. உள்கம்பி ஷீல்டைத் தொட்டால் அந்த மேக்னெட்டோ செத்துவிடும். உள்கம்பி அறுந்தால் சுவிட்ச் ‘ஆஃப்’ காட்டும், ஆனால் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். யாராவது புரொப்பெல்லரைக் கையால் நகர்த்தினால் அது திருப்பி அடிக்கும். இந்த ஒரு கம்பியில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

#6 ஃபைபர்இறக்கை

ஐயா சொன்னதில் ஒன்றை நான் மறுக்கிறேன். ‘ஒரு முனை மட்டும்’ என்பது இணையத்தில் வேதவாக்காகிவிட்டது. பெரிய விமானங்களில் ஷீல்டை இரண்டு முனையிலும், அதுவும் கனெக்டரைச் சுற்றி வட்டமாகவே பிணைக்கிறார்கள். ஏரிங்க் 429 தரவுக் கம்பிக்கும் இரு முனையிலும் கிரவுண்டு என்பதுதான் விதி. அவர்களுக்குத் தெரியாததா?

நான் பறப்பது லாங்-ஈஸி. கண்ணாடி இழை உடல், ரேடியோ அலைக்கு அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. பேட்டரி மூக்கில், இன்ஜின் பின்னால், நடுவில் உட்கார்ந்திருப்பது நான். உலோக விமானக்காரர்களின் நியாயம் எங்களுக்குப் பொருந்துவதில்லை.

#7 பெஞ்ச்மீட்டர்

இதில் சண்டைக்கே இடமில்லை, இரண்டு பேர் சொல்வதும் சரி. எந்த அதிர்வெண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை இருவருமே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மைக் கம்பியில் நாம் பயப்படுவது சில நூறு, சில ஆயிரம் ஹெர்ட்ஸ். அந்த அலைக்கு முன்னால் உங்கள் விமானமே ஒரு புள்ளி. ஷீல்டின் ஒரு முனையைக் கட்டினால் முழு நீளமும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். இரண்டாவது முனையையும் கட்டினால் விமான உடலும் ஷீல்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும், அதில் கண்டவர் மின்னோட்டமும் ஓடும். ஆகவே ஒரு முனை.

இப்போது 120 மெகாஹெர்ட்ஸுக்கு வாருங்கள். அலைநீளம் இரண்டரை மீட்டர், அதில் கால் பங்கு சுமார் 62 சென்டிமீட்டர். பேனலிலிருந்து இருக்கைக்குப் போகும் கம்பியின் நீளமே ஏறக்குறைய அதுதான்! ஒரு முனையில் மட்டும் கட்டிய ஷீல்டு இந்த அதிர்வெண்ணில் கவசமாக இருக்காது, ஆன்டெனாவாக இருக்கும். உயர் அதிர்வெண் அலையைத் தடுக்க வேண்டுமென்றால் இரு முனையும் கட்டியாக வேண்டும். பெரிய விமானக்காரர்கள் பயப்படுவது ராடார், ஒலிபரப்புக் கோபுரங்கள், மின்னல். நமக்கு முதல் பயம் ஆல்டர்னேட்டர்.

இரண்டையும் சமாளிக்க வேண்டிய இடத்தில் ஒரு முனையை நேரடியாகவும் மறுமுனையை ஒரு சிறு கெபாசிட்டர் வழியாகவும் கிரவுண்டு செய்வதுண்டு. வீட்டில் கட்டும் விமானத்தில் அது வரைக்கும் போக வேண்டியதில்லை. கையேடு என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள். கருவியைச் சோதித்தவர்கள் எந்த முனையைக் கட்டிச் சோதித்தார்களோ அதைத்தான் படமாக வரைந்திருப்பார்கள்.

புதியவர்களுக்கு ஒரு சொல்: இங்கே ‘கிரவுண்டு’ என்பது வீட்டு எலக்ட்ரீஷியன் சொல்லும் ‘எர்த்’ அல்ல. பறக்கும்போது பூமி கீழே எங்கோ இருக்கிறது. மின்னோட்டம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் பாதைதான் இங்கே கிரவுண்டு.

#8 ஃபைபர்இறக்கை

அக்கா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் விமானங்களில் கிரவுண்டுக்கென்றே தனிக் கம்பி பேட்டரி வரைக்கும் இழுக்க வேண்டும் என்பதை யாராவது தனி இழை போட்டு எழுதுங்கள். உலோகக்காரர்கள் உடலில் ஒரு திருகு போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், பொறாமையாக இருக்கிறது.

#9 மாலைப்பறவை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் கதையைச் சொன்னால் கேரேஜ்வாசிக்கு உதவும். வெட்கக்கேடான கதை.

போன வருடம் என் விமானத்தில் ஹெட்செட்டில் ‘ஞொய்’ என்று ஒரு ஓசை. இன்ஜின் வேகம் ஏறினால் ஓசையும் மேல் ஸ்தாயிக்கு ஏறும், குறைத்தால் இறங்கும். ஷீல்டு சரியில்லை என்று முடிவு செய்து, இருக்கைகளைக் கழற்றி, ஒலிக் கம்பிகள் அத்தனையையும் புதிய ஷீல்டு வயரால் மாற்றினேன். மூன்று வார இறுதி போயிற்று. இன்ஜினை இயக்கினால் அதே ஞொய், சுருதி கூடப் பிசகவில்லை.

கடைசியில் பழைய மெக்கானிக் ஒருவர் வந்து, இன்ஜின் ஓடும்போதே ஆல்டர்னேட்டரை அணைக்கும் ஃபீல்டு பிரேக்கரை இழுத்தார். ஓசை நின்றது. குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது, எந்த வழியாக வருகிறான் என்பதுதான் பாக்கி. பிறகு ஹெட்போன் ஜாக்கைப் பேனலிலிருந்து கழற்றிக் காற்றில் தொங்கவிட்டு மறுபடி இயக்கினார். ஓசை இல்லை!

ஜாக்குக்கும் உலோகப் பேனலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஃபைபர் வாஷர் இல்லை. முன்பு ஒருமுறை பேனலுக்குப் பெயிண்ட் அடிக்கக் கழற்றியபோது நானே தொலைத்திருக்கிறேன். ஜாக்கின் உடல் பேனலைத் தொட்டு அங்கே ஒரு கிரவுண்டு, இன்டர்காமில் இன்னொரு கிரவுண்டு. இரண்டுக்கும் நடுவில் ஆல்டர்னேட்டர் மின்னோட்டம் உலாவிக்கொண்டிருந்தது. சில்லறைக் காசு விலையில் ஒரு வாஷர்.

#10 பழையஏவியானிக்ஸ்

இந்த இழையிலேயே பயனுள்ள பதிவு இதுதான். மாலைப்பறவை, வெட்கப்பட வேண்டாம். நானும் அதே வாஷரைத் தேடி ஒரு நாள் முழுக்கக் கழித்திருக்கிறேன், அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறேன்.

கேரேஜ்வாசி, ஒலிக் கம்பிக்கு இதை எழுதி ஒட்டிவையுங்கள். மைக் ஜாக், ஹெட்போன் ஜாக் இரண்டுக்கும் வாஷர். இன்டர்காமோ ஆடியோ பேனலோ, எந்தப் பெட்டியிலிருந்து கம்பி கிளம்புகிறதோ அந்தப் பக்கம் மட்டும் ஷீல்டுக்குக் கிரவுண்டு. ஜாக் பக்கம் ஷீல்டை வெட்டி, மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டு மூடிவிடுங்கள். ஒலி திரும்புவதற்கு ஷீல்டை நம்பாமல் உள்ளே தனிக் கம்பி வையுங்கள். மைக்குக்கு மூன்று கம்பி வேண்டும்: ஒலி, பேசும் பொத்தான், திரும்புவது. உங்கள் இரட்டைக் கம்பி சுருள் மைக்குக்குப் பற்றாது, ஹெட்போனுக்கு ஆகும்.

அப்புறம், ஓசையின் குணத்தைக் கேட்டாலே பாதி வழக்கு முடிந்துவிடும். இன்ஜின் வேகத்தோடு சுருதி ஏறினால் ஆல்டர்னேட்டர். ‘டிக் டிக்’ என்று வேகத்தோடு நெருங்கி, மேக்னெட்டோ சுவிட்சை இடம், வலம் மாற்றும்போது மாறினால் பி-லீடோ தீப்பொறிக் கம்பிகளோ மேக்னெட்டோவின் கெபாசிட்டரோ. நொடிக்கு ஒருமுறை ‘பொக்’ என்றால் ஸ்ட்ரோப். இன்ஜினை நிறுத்திய பிறகும் இருந்தால் ஏதோ ஒரு மலிவான மின்மாற்றுப் பெட்டி.

#11 கேரேஜ்வாசி

எழுதி ஒட்டிவிட்டேன், நிஜமாகவே கேரேஜ் சுவரில். மீதிப் பட்டியல்: பிட்டாட் ஹீட்டர், லேண்டிங் விளக்கு, இன்ஜின் வெப்பத்தை அளக்கும் கம்பிகள், ஆட்டோபைலட் சர்வோ (அதன் மோட்டார்), ஆன்டெனாக் கம்பிகள்?

#12 பெஞ்ச்மீட்டர்

பிட்டாட் ஹீட்டர் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், ஆனால் அது வெறும் நேர்மின்னோட்டம். அதில் துடிப்பே இல்லாதபோது ஷீல்டு எதைத் தடுக்கும்? தடித்த கம்பி, சரியான பிரேக்கர், முடிந்தது. ஒரே ஒரு கவனம், காந்தத் திசைகாட்டி. அதன் அருகே நேர்மின்னோட்டம் போகும் ஒற்றைக் கம்பி முள்ளை இழுத்துவிடும். திசைகாட்டியின் உள்விளக்குக்குப் போகும் கம்பியைக்கூட இரண்டாக முறுக்கித்தான் கொண்டுபோக வேண்டும். இங்கே ஷீல்டு போட்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். நிலையான காந்தப்புலத்துக்குச் செம்புப் பின்னல் ஒரு கொசுவலை கூட அல்ல.

லேண்டிங் விளக்கு எல்இடி என்றால் உள்ளே மின்னோட்டத்தை நறுக்கி நறுக்கித் தரும் சுற்று இருக்கும். நல்ல விளக்கில் அதற்கான வடிகட்டி உள்ளேயே வரும். கெட்ட விளக்கு என்றால் கம்பிக்கு ஷீல்டு போட்டுத் திருத்த முடியாது, விளக்கையே மாற்றுங்கள்.

எக்ஸாஸ்ட் வெப்பத்தை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பிகள் சேர்ந்த வெப்ப உணரி) ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்தான் தருகிறது. இவ்வளவு சிறிய சிக்னலுக்குக் கண்டிப்பாக ஷீல்டு வேண்டும் என்று தோன்றும். பெரும்பாலும் வேண்டியதில்லை. அது மெதுவாக மாறும் அளவு, திரைப் பெட்டி இரைச்சலைச் சராசரி எடுத்துத் தள்ளிவிடும். முறுக்கிய கம்பி, தீப்பொறிக் கம்பிகளிலிருந்து ஒரு கை தூரம், போதும். ஆனால் நடுவில் செம்புக் கம்பியை ஒட்டுப்போட்டு நீட்டாதீர்கள். அதே உலோகக் கலவையிலான நீட்சிக் கம்பிதான் வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய இடத்தின் வெப்பமும் கணக்கில் கலந்துவிடும்.

திரைகளுக்கு நடுவே கேன் பஸ் (கருவிகள் தரவு பரிமாறும் பொதுக் கம்பி) ஓடினால், முறுக்கிய இரட்டைக் கம்பி, இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர். கையேட்டில் ஷீல்டு வரைந்திருந்தால் உங்கள் சுருளுக்கு இங்கே வேலை கிடைக்கலாம். ஆனால் முதலில் அந்தச் சுருளின் உள்கம்பிகள் முறுக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒரு அடி உரித்துப் பாருங்கள்.

#13 வால்சக்கரம்

ஆன்டெனாவுக்குப் போவது ஷீல்டு வயர் அல்ல என்பதை யாராவது அழுத்திச் சொல்லுங்கள். ஒருவர் மைக் கேபிளை ரேடியோ ஆன்டெனாவுக்குப் போட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கிறதாம்!

#14 பழையஏவியானிக்ஸ்

தோற்றத்தில் மோரும் சுண்ணாம்புத் தண்ணீரும் கூட ஒன்றுதான்.

ஆன்டெனாவுக்குப் போட வேண்டிய கோஆக்ஸ் கேபிளில் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் உள்ள இடைவெளி கணக்குப் போட்டு வைத்தது. 50 ஓம். அந்தப் பின்னல் கவசம் மட்டுமல்ல, சிக்னலின் பாதியே அதுதான். அதனால் இரண்டு முனையிலும் கனெக்டரோடு முழு வட்டமாகச் சேர வேண்டும். ஆர்ஜி-58 போட்டாலும் விஎச்எஃப் பேசும். நான் போடுவது ஆர்ஜி-400. இரட்டைப் பின்னல், உள்ளே டெஃப்லான், சூடு பட்டால் இளகாது. டிரான்ஸ்பாண்டர் பதில் அனுப்புவது 1090 மெகாஹெர்ட்ஸில். அங்கே கேபிளின் இழப்பு கணக்கில் வரும், குட்டையாகவும் தரமாகவும் வையுங்கள்.

ஆட்டோபைலட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பேச்சுப் பொத்தானை அழுத்தியதும் ஆட்டோபைலட் துள்ளுகிறது என்று ஒருவர் வந்தார். சர்வோ கம்பிக்கு ஷீல்டு போட்டுத் தரச் சொன்னார். நான் முதலில் ஆன்டெனாக் கேபிளின் பிஎன்சி கனெக்டரைத் திருகிப் பார்த்தேன். பின்னல் சரியாக நசுக்கப்படாமல் கையோடு வந்துவிட்டது. வெளியே போக வேண்டிய அலை கேபிளின் மேல்தோல் வழியாக ஊர்ந்து கேபினுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. புதிய கனெக்டர் போட்டதும் துள்ளல் நின்றது. அதனால், பாதிக்கப்பட்ட கம்பிக்குப் போர்வை போர்த்துவதற்கு முன்னால் கத்துகிறவன் வாயைப் பாருங்கள்.

#15 ஃபைபர்இறக்கை

உண்மை. எனக்கும் துள்ளியது. ஆனால் என் ஆன்டெனா இறக்கைக்குள்ளேயே இருப்பதால் கனெக்டர் சரியாக இருந்தும் துள்ளியது. சர்வோ கம்பிகளை முறுக்கி, பெட்டிக்குள் நுழையும் இடத்தில் உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுக்கும் இரண்டு ஃபெரைட் கவ்விகள் மாட்டியபின் அடங்கியது.

#16 கேரேஜ்வாசி

ஷீல்டை எப்படி முடிப்பது? பின்னலை உரிக்கும்போது உள்கம்பியின் உறையும் சேர்ந்து வெட்டுப்படுகிறது.

#17 பெஞ்ச்மீட்டர்

வெளியுறையைக் கத்தியால் வட்டமாக லேசாகக் கீறுங்கள், ஆழமாக வேண்டாம். அந்த இடத்தில் கேபிளை மடக்கினால் உறை தானே பிளக்கும். பின்னல் தெரிந்ததும் சோல்டர் ஸ்லீவை நுழைத்து, ஒரு துண்டுக் கம்பியோடு சேர்த்துச் சூடு காட்டுங்கள். உள்ளே இருக்கும் ஈய வளையம் உருகிப் பின்னலோடு பிடித்துக்கொள்ளும். அந்தத் துண்டுக் கம்பி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. வெட்டிய முனையில் ஒற்றை இழை கூடத் துருத்திக்கொண்டு நிற்கக்கூடாது. முடித்தபின் உள்கம்பிக்கும் ஷீல்டுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள், தொடர்பு இருக்கக்கூடாது. கேபிளை அசைத்தபடி இன்னொரு முறை.

நீங்கள் முதல் பதிவில் ‘கூடுதலாகப் போட்டால் என்ன கெட்டுவிடும்’ என்று கேட்டீர்கள் அல்லவா? ஒவ்வொரு ஷீல்டும் கம்பியின் முழு நீளத்துக்கும் கிரவுண்டைத் தூக்கி அதன் பக்கத்தில் படுக்கவைக்கிறது. எங்காவது ஒரு கிளாம்ப் நெரித்தால் போதும், அது ஷார்ட் ஆகிவிடும். தேவையே இல்லாத நாற்பது இடத்தில் அந்த வாய்ப்பை நீங்களே உண்டாக்க வேண்டுமா?

#18 கேரேஜ்வாசி

ஆறு வாரம் கழித்து வருகிறேன். இன்ஜின் இன்னும் ஓடவில்லை, பேட்டரியில் மட்டும் எல்லாவற்றையும் உயிர்ப்பித்தேன். பி-லீடுகள், மைக், ஹெட்போன், கேன் பஸ் ஆகியவற்றுக்கு மட்டும் ஷீல்டு. மற்ற எல்லாமே சாதாரணக் கம்பி. வாஷர்கள் போட்டு மீட்டர் வைத்துச் சோதித்தாயிற்று.

இன்டர்காமில் அமைதி. ஆனால் ரேடியோவில் 121.5 மெகாஹெர்ட்ஸுக்கு அருகே ஒரு சீறல். இன்ஜின் ஓடாததால் ஆல்டர்னேட்டரும் இல்லை, மேக்னெட்டோவும் இல்லை. மாலைப்பறவையின் மெக்கானிக் செய்ததுபோல ஒவ்வொரு பிரேக்கராக இழுத்தேன். எட்டாவதில் நின்றது: ஃபோன் சார்ஜ் செய்ய நான் ஆசையாக வாங்கிப் பதித்த யுஎஸ்பி துளை. அதன் கம்பிக்கு ஷீல்டு போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், உண்மையைச் சொல்கிறேன்.

#19 பழையஏவியானிக்ஸ்

பிடுங்கிப் போடுங்கள். உலோகக் கூட்டில் அடைத்து, விமானத்துக்கென்று சோதித்த சார்ஜர் கிடைக்கும். பத்து மடங்கு விலை சொல்வார்கள், கொடுங்கள்.

#20 கேரேஜ்வாசி

பிடுங்கியாயிற்று. துளைக்கு ஒரு மூடி போட்டிருக்கிறேன். சுருளில் இன்னும் 150 அடி இருக்கிறது. டொரன்டோ பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் தனிச் செய்தி அனுப்புங்கள், பாதி விலை.

#21 வால்சக்கரம்

மேக்னெட்டோ வைத்திருக்கிறேன், 20 அடி எனக்கு. மீதியைப் பக்கத்து ஹேங்கர்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.